மரச்சாமான் செய்வதைத் தொழிலாக்க நினைக்கிறீர்களா? உளி பிடிப்பதிலிருந்து விலை சொல்வது வரை

மேசை செய்வது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். மேசை செய்து பிழைப்பது எப்படி என்று கேட்டால்தான் ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள். பயிற்சி நிலையத்தில் சான்றிதழ் போதும் என்பார்கள். பட்டறைக்காரர் அந்தச் சான்றிதழைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கடன் கேட்கப் போனால் இரண்டையும் விட்டுவிட்டு வேறு தாள்களைக் கேட்பார்கள். இந்த மூன்று வாசலிலும் நின்று அலுத்தவன் என்ற முறையில், புதிதாக வருகிறவர்கள் எதை எந்த வரிசையில் செய்தால் காலமும் காசும் மிச்சம் என்று இங்கே எழுதுகிறேன். இணைப்பு போடுவது, பாலிஷ் அடிப்பது போன்ற செய்முறை இதில் இருக்காது. அதைப் பட்டறையில் நின்றுதான் கற்க முடியும்.

1. எந்த மரவேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பிளைவுட்டில் அலமாரியும் சமையலறைப் பெட்டிகளும் செய்து வீட்டில் போய்ப் பொருத்துவது ஒரு தொழில். அசல் மரத்தில் மேசை, நாற்காலி, கட்டில் செய்வது வேறொரு தொழில். பழைய சாமான்களைச் சீர்செய்வது, கடைசல், கணினி வழி வெட்டும் சிஎன்சி இயந்திரம் ஓட்டுவது, வரைபடம் மட்டும் போட்டுத் தருவது என்று இன்னும் கிளைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மரம்தான் மூலப்பொருள் என்றாலும் கருவி, இடம், முதலீடு, பணம் கைக்கு வரும் வேகம் எல்லாமே வேறு.

பிளைவுட் வேலையில் பணம் சீக்கிரம் புரளும். அளவில் பிசகாமல் இருப்பதும் வேகமாகப் பொருத்துவதும் அங்கே முக்கியம். அசல் மர வேலையில் மரத்தை வாங்கி மாதக்கணக்கில் அடுக்கி வைக்க வேண்டும். அவ்வளவு பணமும் மூலையில் தூங்கும். சீர்செய்யும் வேலைக்கு முதலீடும் இடமும் குறைவு, ஆனால் பழைய பசைகளையும் பூச்சுகளையும் பார்த்தவுடன் அடையாளம் காணும் கண் வேண்டும். நாற்காலியில் தொடங்கவே தொடங்காதீர்கள். சாய்கோணங்கள் அதிகம், ஆள் எடை முழுவதும் இணைப்புகள்மேல் விழும், விற்கும் விலையோ மேசையைவிடக் குறைவாக இருக்கும்.

வாழ்நாள் முழுவதற்குமான முடிவு ஒன்றும் இல்லை இது. ஆனால் எந்தப் பட்டறையில் போய்க் கற்பது என்பது இதைப் பொறுத்தது என்பதால் முதலில் வைத்தேன்.

2. கற்கும் இடம்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

வார இறுதி வகுப்புகள், தொழிற்பயிற்சி நிலையம், பட்டறையில் பயிற்சியாளராகச் சேர்வது என்று பொதுவாக மூன்று வழிகள். வார இறுதி வகுப்பு உங்களுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று பார்க்க உதவும், அவ்வளவுதான். நாள் முழுக்க நிற்கவும், தூசியில் இருக்கவும், ஒரே விளிம்பை நாற்பது தடவை இழைக்கவும் பொறுமை இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பயிற்சி நிலையத்தில் சேரும் முன் நேரில் போய்க் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கையால் வேலை? ஒரு வேலை மேடைக்கு எத்தனை மாணவர்? மரத்துக்கு யார் பணம் தருவது? சான்றிதழுக்கு அரசு அங்கீகாரம் உண்டா? நான் சேர்ந்த ஒரு நிலையத்தில் ரூட்டரை (பள்ளமும் விளிம்பும் செதுக்கும் மின்கருவி) தொட்டுப் பார்க்கவே வரிசையில் நிற்க வேண்டும். கட்டணத்தில் மரத்தின் விலை அடங்காது என்பதும் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. விளம்பரத் தாளில் இயந்திரங்களின் படம் மட்டும் பளபளவென்று இருந்தது.

உண்மையில் கை திருந்துவது மூன்றாவது வழியில்தான். ஜெர்மனியில் தச்சுப் பயிற்சிக் காலம் 3 ஆண்டு. முடிவில் சொந்தமாக வடிவமைத்த ஒரு சாமானைச் செய்துகாட்ட வேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும் நீங்களே அதை வைத்துக்கொள்ளலாம். சான்றிதழைவிட அந்த ஒரு சாமானும் அதன் வரைபடமும் அதிகம் பேசும்.

பட்டறையில் சேரும்போது இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: எவ்வளவு காலம், மாத உதவித்தொகை எவ்வளவு, கருவி யாருடையது, அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, முடிவில் அனுபவச் சான்று உண்டா. எந்த மாதத்தில் எந்த வேலைக்கு ஏற்றுவார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். கூட்டிப் பெருக்குவதும் உப்புத்தாள் தேய்ப்பதும் எல்லோரும் கடக்கும் கட்டம்தான். ஓர் ஆண்டு கழித்தும் அதையே செய்கிறீர்கள் என்றால் அது பயிற்சி இல்லை, கூலி குறைந்த வேலை. சரி, கையில் எடுத்துப் போக வேண்டியவை: அடையாள அட்டை, வயதுச் சான்று, படித்த சான்றுகள், நீங்கள் செய்த இரண்டு மூன்று பொருள்களின் படம். டெட்டனஸ் ஊசியையும் போட்டுக்கொண்டு போங்கள்.

3. கருவி: குறைவாக வாங்குங்கள், கூராக வைத்திருங்கள்

6, 12, 18, 25 மி.மீ. உளிகள், ஓர் இழைப்புளி, மூலைமட்டம், விளிம்புக்கு இணையாகக் கோடு போடும் மார்க்கிங் கேஜ், நல்ல கைரம்பம், கொட்டாப்புளி, இறுக்கிப் பிடிக்க நான்கைந்து கிளாம்ப், இரண்டு சாணைக்கற்கள். முதல் ஆண்டுக்கு இது போதும். கற்களில் ஒன்று 1000 கிரிட், இன்னொன்று 4000 முதல் 6000 வரை (எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்). உளியின் முகத்தை 25 பாகையில் தேய்த்து, நுனியை மட்டும் 30 பாகைக்கு எடுத்தால் பெரும்பாலான வேலைக்குச் சரியாக இருக்கும். கூர் தீட்டத் தெரியாதவருக்கு எந்த விலை உளியும் ஒன்றுதான்.

மின்கருவிகளில் டிரில், வட்ட ரம்பம், ரூட்டர், தூசி உறிஞ்சி என்ற வரிசையில் வாங்கலாம். டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்), இழைப்பு இயந்திரம் எல்லாம் பிறகு. மரத்தை இழைத்துத் தடிமன் சமமாக்கிக் கொடுக்கும் அறுவை மில்கள் இருக்கும்போது, அதற்கென்று கடன் வாங்கி இயந்திரம் போடத் தேவையில்லை. மில்லுக்குக் கொடுக்கும் மாதக் கூலி, இயந்திரத்தின் கடன் தவணையை எட்டிப் பிடிக்கும்போது யோசியுங்கள்.

4. மரம் வாங்குவது: பணம் ஓட்டையாகும் இடம்

புதியவர்கள் அதிகம் அடிவாங்குவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஈரம். மரம் பார்க்கக் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரமாக இருக்கும். வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு மரத்தின் ஈரப்பதம் பெரும்பாலும் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குளிர் நாடுகளில் வெப்பமூட்டிய வீடுகளுக்கு 6 முதல் 8 வரை. காற்றில் உலர்த்தினால் ஓர் அங்குலத் தடிமனுக்குச் சுமார் ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. மரத்தையும் காற்றையும் பொறுத்து அது கூடும், குறையும். சூளையில் உலர்த்தியது சில வாரங்களில் தயாராகும். கடைக்காரர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு மாய்ஸ்சர் மீட்டர் வாங்கிவிடுங்கள். பலகையின் மேற்பரப்பிலோ நுனியிலோ வைத்துப் பார்த்தால் குறைவாகவே காட்டும். நுனியிலிருந்து ஓர் அடி தள்ளி வெட்டச் சொல்லி, புதிதாக வெட்டிய முகத்தின் நடுவில் பாருங்கள்.

ஈரத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? காய்ந்த பிறகும் மரம் அசைந்துகொண்டேதான் இருக்கும். மழைக்காலத்தில் அகலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். நீளத்தில் மாற்றம் மிகமிகக் குறைவு. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுருக்கம், அதற்குக் குறுக்கான திசையில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். அதிகம் அசையாத மரம் என்று பெயர் வாங்கிய தேக்கிலேயே, 90 செ.மீ. அகல மேசைப் பலகை ஈரம் 4 சதவீதம் மாறினால் 7 மி.மீ. வரை நகரக்கூடும். அந்தப் பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு இறுக்கி ஆணி அடித்தால், ஒரு பருவம் தாண்டியதும் நடுவில் விரிசல் விழும். வாடிக்கையாளர் கூப்பிடுவார், நீங்கள் இலவசமாகப் போய்ச் சரிசெய்ய வேண்டும். திருகுக்கு நீள்துளை விடுவது, அசையும் கொக்கிக் கட்டைகள் வைப்பது போன்றவற்றைச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஆசானிடம் கேட்டுக் கற்றுவிடுங்கள்.

இரண்டாவது அளவு. கன அடியில் வாங்கும் இடத்தில் கணக்கு எளிது: நீளம் அடியில், அகலமும் தடிமனும் அங்குலத்தில் எடுத்து மூன்றையும் பெருக்கி 144 ஆல் வகுக்க வேண்டும். 6 அடி நீளம், 6 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன் என்றால் கால் கன அடி. கடையில் அளக்கும்போதே நீங்களும் அளந்து தாளில் எழுதுங்கள். ஓர் அங்குலம் என்று விற்கும் பலகையை இழைத்து முடித்தால் 20 மி.மீ. அளவில் வந்து நிற்கும், ஆகவே வரைபடத்தில் 25 என்று போட்டுவிட்டுப் பிறகு முழிக்க வேண்டாம். கணு, வெடிப்பு, வெளுப்புப் பகுதி எல்லாம் கழியும் என்பதால் அசல் மரத்துக்குத் தேவையைவிட 20 முதல் 30 சதவீதமும், பிளைவுட்டுக்கு 10 முதல் 15 சதவீதமும் கூடுதலாகக் கணக்கிடுங்கள்.

பிளைவுட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. 2440 மி.மீ. நீளத் தாளை நான்காக வெட்டினால் 610 மி.மீ. வராது. ரம்பப் பல் ஒவ்வொரு வெட்டிலும் 3 மி.மீ. வரை தின்னும், மூன்று வெட்டுக்கு 9 போனால் ஒரு துண்டு 607 சொச்சம்தான். வெட்டுப் பட்டியலை இதைச் சேர்த்து எழுதாவிட்டால் கடைசித் துண்டு எப்போதும் குட்டையாகவே இருக்கும்.

மூன்றாவது ரசீது. எந்த மரம், எவ்வளவு, யாரிடம் வாங்கியது என்று எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். ரசீது இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்பவர் அந்த மரம் எங்கிருந்து வந்தது என்ற பொறுப்பையும் உங்கள் தலையில் கட்டுகிறார். டால்பெர்ஜியா வகையைச் சேர்ந்த ரோஸ்வுட் மரங்களில் ஏறக்குறைய எல்லாமே 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. நாடு விட்டு நாடு அனுப்ப அதற்குரிய அனுமதித் தாள்கள் கேட்பார்கள். வெளிநாட்டுக்குப் போகும் மரப் பெட்டி, பலகைத் தட்டுகளும், மரத்தோடு பூச்சி பரவாமல் தடுக்கும் ஐஎஸ்பிஎம் 15 என்ற பன்னாட்டு விதிப்படி பதப்படுத்தி முத்திரையிட்டதாக இருக்க வேண்டும். வழக்கமான முறை சூடேற்றுவது: மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம். சாமானை அழகாகச் செய்து, பெட்டிக்கு முத்திரை இல்லாமல் துறைமுகத்தில் மாட்டிக்கொள்வது வீண் செலவு.

5. விரல், காது, நுரையீரல்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தாண்டிப் போக வேண்டாம். சுழலும் இயந்திரத்தின் முன் கையுறை அணியாதீர்கள். துணி சிக்கினால் கையும் சேர்ந்து போகும். டேபிள் சாவில் ரம்பத்துக்குப் பின்னால் இருக்கும் பிளவுத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டும் பட்டறை என்றால், அங்கே கற்பதை மறுபடி யோசியுங்கள். மரம் பின்னோக்கி எகிறி அடிப்பதைத் தடுப்பதே அதுதான்.

மரத்தூசியைப் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை, மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. கைக்குட்டை கட்டினால் போதாது, நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி2 தர முகமூடி வேண்டும். ரூட்டரும் ரம்பமும் 85 டெசிபெலை எளிதாகத் தாண்டும், ஆகவே காதடைப்பான். அப்புறம், ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகரத்தில் போடுங்கள். தீக்காப்பீடு எடுக்கும்போது இதைப் பற்றியும் கேட்க வாய்ப்புண்டு.

6. முதல் சாமானிலிருந்தே நேரத்தை எழுதுங்கள்

இந்த முழுக் கட்டுரையிலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டு வாங்கி, செய்யும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மரம் தேர்ந்தெடுக்கப் போனது, வெட்டியது, இழைத்தது, இணைப்பு, ஒட்டியது, உப்புத்தாள், பூச்சு, கொண்டுபோய் வைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று அன்றன்றே எழுதுங்கள். இரவு நினைவிலிருந்து எழுதினால் பாதிதான் வரும்.

சில பொருள்களுக்குப் பிறகு அந்த நோட்டைப் புரட்டினால் ஆச்சரியமாக இருக்கும். இணைப்பு போடுவதுதான் பெரிய வேலை என்று நினைத்திருப்பீர்கள். தேய்ப்பதும் பூச்சும் அதை விழுங்கியிருக்கும். விலை சொல்லும்போது உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் இந்த நோட்டுதான்.

பழக எந்தப் பொருள்? பெட்டி, முக்காலி, புத்தக அலமாரி, சின்ன மேசை என்ற வரிசை நல்லது. அளவுகளைச் சொந்தமாகக் கண்டுபிடிக்க வேண்டாம். சாப்பாட்டு மேசையின் உயரம் 72 முதல் 76 செ.மீ., நாற்காலி இருக்கை 43 முதல் 46, துணி மாட்டும் அலமாரியின் ஆழம் சுமார் 60, புத்தகத் தட்டின் ஆழம் 25 முதல் 30. 18 மி.மீ. பிளைவுட் தட்டு 80 செ.மீ.க்கு மேல் தாங்கல் இல்லாமல் போனால் புத்தகம் வைத்த சில மாதங்களில் தொய்யும்.

7. விலை சொல்வது

"மரத்தின் விலையை இரண்டால் பெருக்கு" என்று சொல்லித்தருவார்கள். கேட்காதீர்கள். விலை குறைந்த மரத்தில் செய்த சிக்கலான அலமாரிக்கு அந்தக் கணக்கில் உங்கள் கூலி காணாமல் போய்விடும்.

முதலில் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலையைக் கண்டுபிடியுங்கள். ஆண்டில் 365 நாள். வார விடுமுறை 52, பண்டிகை, உடம்புக்கு முடியாத நாள் என்று இன்னும் 28 கழித்தால் 285. நாளுக்கு 8 மணி என்றால் 2,280 மணி. அத்தனையும் வாடிக்கையாளர் பணம் தரும் நேரம் அல்ல. பேசுவது, அளவெடுக்கப் போவது, கூர் தீட்டுவது, பெருக்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் அதற்குள்தான். 60 சதவீதம் வேலை நேரம் என்று வைத்தால் 1,370 மணி அளவில் வரும். இப்போது நீங்கள் எதிர்பார்க்கும் ஆண்டு வருமானத்தோடு வாடகை, மின்சாரம், காப்பீடு, கருவித் தேய்மானம், வண்டி, வரி எல்லாவற்றையும் கூட்டி 1,370 ஆல் வகுங்கள். வருவதுதான் உங்கள் மணிக் கூலி. முதல் தடவை பார்க்கும்போது பயமாக இருக்கும், பரவாயில்லை.

சாமானின் விலை: மரமும் கழிவும் + கைப்பிடி, கீல், பசை, பூச்சு + நோட்டில் உள்ள மணி × மணிக் கூலி + ஏற்றி இறக்கும் செலவு. அதன்மேல் எதிர்பாராததற்கு 10 சதவீதம், லாபத்துக்கு ஒரு பங்கு. கூலியும் லாபமும் ஒன்றல்ல. அடுத்த இயந்திரம் லாபத்திலிருந்துதான் வர வேண்டும்.

"தொழிற்சாலையில் செய்தது இதில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே" என்று கட்டாயம் கேட்பார்கள். அந்த விலையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவர்கள் செய்யாத அளவு, கடையில் கிடைக்காத மரம், மூலைக்கு அளந்து செய்வது, பின்னால் பழுதுபார்த்துத் தருவது ஆகியவைதான் உங்கள் களம்.

8. வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டியவை

வாய்ப்பேச்சில் தொடங்கிய வேலை வாய்ச்சண்டையில் முடியும். சிறிய வேலையாக இருந்தாலும் ஒரு பக்கத் தாள் போடுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

- அளவு எழுதிய வரைபடம், அதன்மேல் வாடிக்கையாளர் கையெழுத்து
- மரத்தின் பெயர், பிளைவுட் என்றால் தரமும் தடிமனும்
- பூச்சு அடித்த மாதிரித் துண்டு. பின்பக்கம் இருவர் கையெழுத்தும் தேதியும்
- கீல், டிராயர் ரெயில் எந்த நிறுவனம், எந்த மாடல்
- நடுவில் மாற்றம் கேட்டால் என்ன கட்டணம்
- மாடிக்கு யார் தூக்குவது
- எந்தக் குறைக்கு உத்தரவாதம், எதற்கு இல்லை

முன்பணம் குறைந்தது மரமும் பொருத்துபொருள்களும் வாங்கும் செலவு முழுவதையும் ஈடுகட்ட வேண்டும். வேலை ஆணையோடு (ஆர்டர்) 50 சதவீதம், பட்டறையில் பொருளைப் பார்த்த பிறகு 40, பொருத்தி முடித்தவுடன் 10 என்று பிரித்தால் இரு பக்கத்துக்கும் நியாயம்.

பொருத்தும் சாமான் என்றால் சுவரின் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் அகலம் எடுங்கள். மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். தரை ஓடு பதித்த பிறகே இறுதி அளவு. வாசல், படிக்கட்டுத் திருப்பம், லிப்ட் அகலத்தையும் அளந்துவிடுங்கள்.

நாள் சொல்லும்போது மரத்தின் நேரத்தையும் சேருங்கள். வாங்கிய மரம் உங்கள் பட்டறைக் காற்றுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம். வெள்ளைப் பசை ஒட்டிய இணைப்பு ஒரு மணிக்குள் பிடித்துக்கொள்ளும், முழு வலு வர 24 மணி. எண்ணெய் அடிப்படைப் பாலியுரித்தேன் என்றால் ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நாள், முழுதாக இறுகச் சுமார் ஒரு மாதம். அதற்குள் சூடான பாத்திரம் வைக்கக் கூடாது என்பதை எழுதிக் கொடுங்கள்.

9. இடம், பதிவு, காப்பீடு

வாடகை ஒப்பந்தத்தில் மரவேலை என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். "வணிக உபயோகம்" என்று பொதுவாக மட்டும் இருந்தால், சத்தம், தூசி என்று பக்கத்தில் புகார் வரும்போது உரிமையாளர் கை விரித்துவிடுவார். மின் இணைப்பின் சுமை, மூன்று முனையா ஒரு முனையா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். எட்டடிப் பலகை உள்ளே வந்து திரும்புமா என்று ஒரு கயிறை வைத்தாவது பார்த்துவிடுங்கள்.

தொழில் பதிவு, உள்ளாட்சி உரிமம், வரிப் பதிவு, தொழிலின் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றை இந்த வரிசையில் செய்தால் ஒன்று இன்னொன்றுக்கு ஆதாரமாகும். கடன் கேட்கும் இடத்தில் பதிவுத் தாளோடு வங்கி வரவு செலவும், இயந்திரத்துக்கான விலைப்புள்ளியும், கையில் உள்ள ஆணைகளின் நகலும் கேட்பார்கள். அதனால் வீட்டுச் செலவையும் பட்டறைச் செலவையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். தீ, திருட்டு, வேலையாள் காயம், நீங்கள் பொருத்தியதால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதம் என நான்குக்கும் காப்பீடு உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றில் எல்லாம் அடக்கம் என்பார்கள். தாளைப் படித்தால் அடங்கியிருக்காது.

10. சம்பள வேலையை எப்போது விடலாம்

அடுத்த பட்டறையில் சம்பளத்துக்கு இருப்பது தாழ்வு இல்லை. சிலருக்குக் கடைசி வரை அதுவே நல்ல வாழ்க்கை. கணக்கு, வாடிக்கையாளர், வாடகை என்ற தலைவலி இல்லாமல் முழு நாளும் மரத்தோடு இருக்கலாம். தனியாகப் போனால் பாதி நாள் தொலைபேசியில் போகும்.

போவது என்று முடிவெடுத்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஆறு மாத வீட்டுச் செலவும் பட்டறை வாடகையும் தனியாகக் கையில் இருக்கிறதா? உங்களுக்குத் தெரியாத ஆள் ஒருவராவது, யாரோ சொல்லக் கேட்டு, முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறாரா? சொந்தக்காரர்கள் வாங்கியது இந்தக் கணக்கில் வராது. நோட்டில் நீங்கள் மதிப்பிட்ட மணியும் ஆன மணியும் ஓரளவு நெருங்கி வருகின்றனவா? மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், இன்னும் கொஞ்ச காலம் மாலை வேளைகளில் மட்டும் சொந்த ஆணைகளைச் செய்யுங்கள். இருக்கும் பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பிற்பாடு அகலமான பலகையை இழைக்க அவருடைய இயந்திரத்தைத்தான் வாடகைக்குக் கேட்டுப் போவீர்கள்.